தலைவலி எப்போது அவசரம்? வலியின் கடுமையைவிட அது வந்த விதம் சொல்லும் சேதி

தலைவலியே வராத மனிதர் அபூர்வம். வருகிற தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. தூங்கி எழுந்தாலோ ஒரு மாத்திரை போட்டாலோ போய்விடும். ஆனால் சில தலைவலிகளை மறுநாள் காலைவரை தள்ளிப்போட முடியாது. சிலவற்றில் ஒரு மணி நேரத் தாமதமே உயிரையோ பார்வையையோ பறித்துவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள்: வலி தாங்க முடிகிறதா, முடியவில்லையா? இந்த அளவுகோலை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். வலி எவ்வளவு வேகமாக வந்தது, கூடவே வேறு என்ன வந்தது, யாருக்கு வந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வலிப்பது மூளை அல்ல

மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. மூளையைச் சுற்றியிருக்கும் உறைகள், தலைக்குள்ளும் கழுத்திலும் ஓடும் ரத்தக்குழாய்கள், மண்டைத்தோல், கழுத்துத் தசைகள், கண், சைனஸ் அறைகள் ஆகியவற்றுக்கு அந்த முனைகள் உண்டு. இவற்றில் எது உறுத்தப்பட்டாலும் செய்தி ஏறக்குறைய ஒரே நரம்புப் பாதைகள் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் தூக்கம் கெட்டு வந்த தலைவலியும் ரத்தக்குழாய் வெடித்து வந்த தலைவலியும் ஒரே இடத்தில் வலிக்க முடிகிறது. எந்த இடத்தில் வலிக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முயல்வது பல நேரம் பலன் தராது.

மருத்துவர்கள் தலைவலியை இரண்டு பெரும் பிரிவாகப் பிரிக்கிறார்கள்.

1. முதன்மைத் தலைவலி. தலைவலிதான் நோய், அடியில் வேறு நோய் ஒளிந்திருக்காது. மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி, தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போன்ற இறுக்கத் தலைவலி, ஒரு பக்கக் கண்ணைச் சுற்றித் துளைக்கிற கொத்துத் தலைவலி எல்லாம் இதில் சேரும்.

2. இரண்டாம் நிலைத் தலைவலி. வேறொரு நோயின் அறிகுறியாக வருவது. சாதாரண சளிக்காய்ச்சலில் வருகிற வலியும் இந்த வகைதான், மூளைக்காய்ச்சலில் வருவதும் இந்த வகைதான்.

அவசரம் என்று இந்தக் கட்டுரை பேசுவது, இரண்டாம் பிரிவுக்குள் இருக்கிற ஆபத்தான சிறு கூட்டத்தைப் பற்றி.

கடுமையை மட்டும் ஏன் நம்பக்கூடாது

மைக்ரேன் வந்தவர் வெளிச்சம் தாங்காமல், வாந்தி எடுத்து, இருட்டறையில் சுருண்டு கிடப்பார். கொத்துத் தலைவலி மனிதர் அனுபவிக்கும் மிகக் கொடிய வலிகளில் ஒன்று. அது வந்தவரால் ஓரிடத்தில் உட்காரக்கூட முடியாது. இரண்டும் வாழ்க்கையை முடக்கிப்போடும், ஆனால் பொதுவாக உயிரைப் பறிப்பதில்லை. மறுபக்கம், மூளைக் கட்டி மந்தமான, வேலைக்குப் போய்வரக்கூடிய வலியோடு வாரக்கணக்கில் வளரலாம்.

இன்னொரு தவறான நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. "மாத்திரை போட்டதும் குறைந்துவிட்டது, அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லை" என்று நினைப்பது. வலி நிவாரணி வலியின் பாதையில் வேலை செய்கிறது, காரணத்தில் அல்ல. மூளையுறைக்கு அடியில் ரத்தம் கசிந்து வந்த தலைவலிகூட மாத்திரைக்கோ ஊசிக்கோ தற்காலிகமாக அடங்கியிருக்கிறது. கீழே சொல்லப்படும் அறிகுறிகள் இருந்தால், வலி குறைந்த பிறகும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

முதல் கேள்வி: எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்குப் போனது?

மைக்ரேன் பெரும்பாலும் படிப்படியாக ஏறும். லேசாகத் தொடங்கி, அரை மணி, ஒரு மணி என்று வளர்ந்து கடுமையாகும். இதற்கு நேரெதிரானது, தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் முழு உச்சத்தைத் தொட்டுவிடும் வலி. மருத்துவத்தில் இதற்கு இடித் தலைவலி என்று பெயர். இப்படி வந்தவர்கள் அந்த நொடியைத் துல்லியமாகச் சொல்வார்கள்: வாளியைத் தூக்கக் குனிந்தபோது, பல் துலக்கும்போது, அந்த வாக்கியத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது. பின்மண்டையில் யாரோ கட்டையால் ஓங்கி அடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. "காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக" என்று சொல்பவரின் கதையிலிருந்து இது முற்றிலும் வேறு.

இதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்கு அடியில் ஏற்படும் ரத்தக்கசிவு. விபத்து இல்லாமல் வரும் இத்தகைய கசிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், மூளையின் அடிப்பகுதி ரத்தக்குழாயில் பலவீனமான ஓரிடம் குமிழ்போலப் புடைத்து வெடிப்பது. புடைப்பு வெடிக்காமல் இருக்கும்வரை பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வெடித்த பிறகு உயிர் தப்பியவருக்கு அடுத்த ஆபத்து, அதே இடம் மறுபடி வெடிப்பது. அதற்கான வாய்ப்பு முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். காலையில் போய்க்கொள்ளலாம் என்கிற முடிவு இங்கே இவ்வளவு ஆபத்தாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சிலருக்குப் பெரிய கசிவுக்குச் சில நாட்களோ வாரங்களோ முன்பே திடீரென்று ஒரு கடும் வலி வந்து தானாகப் போயிருக்கும். அதை எச்சரிக்கைத் தலைவலி என்பார்கள். வந்து போய்விட்டதே என்று விட்டுவிடுவது இயல்பு. ஆனால் காப்பாற்றக் கிடைத்த நல்ல வாய்ப்பு அதுவாக இருந்திருக்கலாம்.

இடித் தலைவலியை உண்டாக்கும் வேறு காரணங்களும் உண்டு.

1. மூளை ரத்தக்குழாய்கள் திடீரென்று சுருங்கி விரிவது. இதில் ஒன்றிரண்டு வாரங்களில் இடித் தலைவலி திரும்பத் திரும்ப வரும். கடும் உடலுழைப்பு, உடலுறவு, பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள், மூக்கடைப்புக்கான சில மருந்துகள் ஆகியவை தூண்டலாம்.

2. கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிவது. கழுத்திலோ முகத்தின் ஒரு பக்கத்திலோ புதிதாக வலி. சிலருக்கு அந்தப் பக்கக் கண்ணிமை சற்றே இறங்கி, கண்மணி சிறுத்துப்போகும். கழுத்தில் அடிபட்ட பிறகோ கழுத்தைச் சடாரென்று திருப்பிய பிறகோ வரலாம். இளவயதினருக்குப் பக்கவாதம் வர இது ஒரு முக்கியக் காரணம்.

3. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பிக்குள் ரத்தக்கசிவு. தலைவலியோடு பார்வை மங்கும், அல்லது ஒன்று இரண்டாகத் தெரியும்.

இடித் தலைவலியோடு வருகிற எல்லோருக்கும் இவை இருப்பதில்லை. பலருக்குப் பரிசோதனையில் ஆபத்தாக எதுவும் தெரியாது. ஆனால் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை வீட்டில் உட்கார்ந்து சொல்லவே முடியாது. உடற்பயிற்சியின்போதோ உடலுறவின்போதோ வந்தது என்பதால் வெட்கப்பட்டு அந்த விவரத்தை மறைக்க வேண்டாம். மருத்துவருக்கு அது முக்கியமான தடயம்.

இரண்டாம் கேள்வி: கூடவே என்ன வந்தது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

1. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு அல்லது குழப்பம். மூளையுறை அழற்சியாகவோ மூளை அழற்சியாகவோ இருக்கலாம். காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் மூளையுறை அழற்சி என்று காத்திருக்கக்கூடாது. பாக்டீரியா தொற்று உள்ள பெரியவர்களிலேயே பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் இந்த மூன்றும் சேர்ந்திருந்ததாக நெதர்லாந்தில் நடந்து 2004-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. தலைவலியையும் சேர்த்து நான்கில் இரண்டாவது ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. தோலில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் இன்னும் அவசரம்.

2. முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் பலவீனம், பேச்சுக் குளறல், நடையில் தள்ளாட்டம். பக்கவாதத்தின் அறிகுறிகள். அடைப்பால் வந்த பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள் போடப்படுவது.

3. வலிப்பு, மயக்கம், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், நடத்தையில் திடீர் மாற்றம்.

4. ஒரு கண்ணில் பார்வை போவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாக விரிந்திருப்பது.

5. கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து, குமட்டுவது. கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கிறது. வாந்தியையும் தலைவலியையும் பார்த்து மைக்ரேன் என்று விட்டுவிட்டால் பார்வையே போய்விடலாம்.

இரண்டாவது குறிப்பைப் படித்ததும் மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அவர்களில் சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும், கை மரத்துப்போகும், வார்த்தை தடுமாறும். வேறுபாடு பெரும்பாலும் வேகத்தில்தான். மைக்ரேனின் முன்னறிகுறி நிமிடக்கணக்கில் மெல்லப் பரவும்: கண்ணோரத்தில் ஒரு சிறு மினுக்கல் வளைகோடாகப் பெரிதாகும், விரல் நுனியில் தொடங்கிய மரப்பு முழங்கை ஏறி உதட்டுக்கு வரும். ஒவ்வொன்றும் 5 முதல் 60 நிமிடம் நீடித்து மறையும். பக்கவாதத்தில் செயல் இழப்பு ஒரேயடியாக வரும். முதல்முறை இப்படி ஆனாலோ, வழக்கத்தைவிட வேறாக இருந்தாலோ, கை காலில் உண்மையான பலவீனம் இருந்தாலோ மைக்ரேன் என்று தானாக முடிவுகட்டாமல் மருத்துவமனைக்குக் கிளம்புவதே சரி.

மூன்றாம் கேள்வி: யாருக்கு வந்தது?

ஒருவருக்குச் சாதாரணமாக இருக்கிற தலைவலி இன்னொருவருக்கு அவசரமாகிவிடும்.

கர்ப்பிணிகளும் அண்மையில் பிரசவித்தவர்களும். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் போய், தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது ஆகியவை வந்தால், வலிப்புக்கு இட்டுச்செல்லும் கர்ப்பகால ரத்த அழுத்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். பிரசவம் முடிந்தவுடன் இந்த ஆபத்து ஓய்ந்துவிடாது. ஆறு வாரம்வரை வரலாம். குழந்தையைக் கவனிக்கிற பரபரப்பில் தாயின் தலைவலியைத் தூக்கமின்மை என்று வீடே ஒதுக்கிவிடும் காலம் அது. இதே காலத்தில் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதும் நடக்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் அந்த அபாயம் சற்றுக் கூடுதல். அதில் வலி நாளுக்கு நாள் ஏறும், படுத்தால் கூடும், சிலருக்கு வலிப்பு வரும். முதுகில் மரப்பு ஊசி போட்ட பிறகு, உட்கார்ந்தால் வலித்துப் படுத்தால் குறையும் தலைவலி வேறு கதை. அது தண்டுவட நீர் கசிவதால் வருவது, அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

50 வயதைத் தாண்டியவர்கள். வாழ்நாளில் இல்லாத புதுத் தலைவலி இந்த வயதில் வந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். குறிப்பாக நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி. இதன் அறிகுறிகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னும் சீப்பு எடுக்கும்போதும் தெரியும்: நாலு வாய் மென்றதும் தாடை வலித்து நிறுத்த வேண்டியிருக்கும், சற்று ஓய்ந்ததும் மறுபடி மெல்ல முடியும், தலை வாரும்போது சீப்பு பட்டாலே மண்டைத்தோல் வலிக்கும், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பல் மருத்துவரிடமும் கண்ணாடிக் கடைக்குமாக அலைந்துகொண்டிருக்கும்போதே ஒரு கண்ணின் பார்வை போய்விடலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. சிகிச்சை தொடங்காவிட்டால் மற்றக் கண்ணும் சில நாட்களிலோ வாரங்களிலோ போகக்கூடும். சந்தேகம் வலுவாக இருந்தால் முழுப் பரிசோதனை முடிவுகள் வரும்வரை காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவது இதனால்தான்.

தலையில் அடிபட்டவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள். முதியவர்களுக்குச் சின்ன இடிப்பு போதும். கதவு நிலையில் இடித்ததையே மறந்திருப்பார்கள். ஓரிரு வாரம் கழித்துத் தலைவலி, மந்தம், தடுமாற்றம் என்று தொடங்கும். மூளையுறைக்கு அடியில் ரத்தம் மெல்லச் சேர்ந்திருக்கும். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று சொல்லி இதைத் தாண்டிப்போவது வருத்தமான விஷயம், ஏனென்றால் பலருக்கு இதை அறுவை சிகிச்சையில் சரிசெய்ய முடியும்.

புற்றுநோய் உள்ளவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். இவர்களுக்குப் பெரிய காய்ச்சல் இல்லாமலே மூளையுறையில் தொற்று வளரலாம். புதுத் தலைவலி எதையும் சிகிச்சை தரும் மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

குழந்தைகள். விடியற்காலையில் வலியோடு விழித்து வாந்தி எடுப்பது, புதிதாக மாறுகண், நடை தள்ளாடுவது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைப்பது.

அப்புறம் ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி. மூடிய அறையில் ஜெனரேட்டர், கரியடுப்பு, எரிவாயு ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு நச்சு என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வெளியே போனால் வலி குறைவதும் உள்ளே வந்தால் கூடுவதும் இன்னொரு அடையாளம். இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இதில் ஆக்சிஜன் அளவை இயல்பாகவே காட்டி ஏமாற்றும். எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மற்ற எல்லாம்.

ஓடத் தேவையில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது

எல்லாத் தலைவலிக்கும் ஆம்புலன்ஸ் வேண்டியதில்லை. படுத்தாலும் இருமினாலும் குனிந்தாலும் கூடும் வலி, காலையில் மோசமாக இருந்து வாரம் வாரம் வளரும் வலி, எழுந்து நிற்கும்போது சில நொடி பார்வை மங்குவது ஆகியவை மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதைக் காட்டலாம். கட்டி மட்டும்தான் காரணம் என்றில்லை. உடல் எடை கூடிய இளம்பெண்களுக்குக் கட்டி எதுவும் இல்லாமலே இப்படி அழுத்தம் ஏறும், கவனிக்காவிட்டால் பார்வை நரம்பு கெடும். இதற்கு ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதோடு ஓயாத வாந்தி, தூக்கச் சோர்வு, பார்வைக் குறைவு சேர்ந்தால் அன்றே போக வேண்டும்.

பல வருடமாகத் தலைவலி உள்ளவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இது எனக்கு வழக்கமாக வருகிற வலிதானா? வலியின் இயல்பு மாறியிருந்தால், பழைய மைக்ரேன் என்ற முத்திரை பாதுகாப்பு ஆகாது. மைக்ரேன் உள்ளவருக்கும் ரத்தக்குழாய் வெடிக்கலாம். வேறு எதுவும் மாறாமல் தலைவலி நாட்கள் மட்டும் கூடிக்கொண்டே போனால், மாத்திரையையே சந்தேகிக்கலாம். சாதாரண வலி நிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கான டிரிப்டான் வகை மாத்திரைகளையோ பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகளையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால் மருந்தே தலைவலியை வளர்க்கும்.

ரத்த அழுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. தலைவலி வந்தபோது அளந்து, சற்றுக் கூடுதலாக இருந்தால் அதுதான் காரணம் என்று கைமருந்தாக இன்னொரு பிரஷர் மாத்திரை போடுகிறார்கள். ஓரளவு கூடிய அழுத்தம் பொதுவாகத் தலைவலி தருவதில்லை. வலியே அழுத்தத்தைக் கூட்டும். 180/120-க்கு மேல் போய்க் கூடவே குழப்பம், பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் அது அவசரம்.

கிளம்பும்போது

1. வலி தொடங்கிய நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாதமானால், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் வேண்டும்.
2. தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக விடக்கூடாது.
3. ரத்தக்கசிவு இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின் தர வேண்டாம்.
4. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கோ விழுங்க முடியாதவருக்கோ தண்ணீரோ மாத்திரையோ புகட்ட வேண்டாம். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
5. எடுத்துவரும் மருந்துச் சீட்டுகள் எல்லாம் கையோடு போகட்டும், ரத்தம் உறையாமைக்கான மருந்தின் பெயர் முதலில்.

ஸ்கேன் நார்மல் என்றால்?

அவசர சிகிச்சைப் பிரிவில் காய்ச்சல், ரத்த அழுத்தம், கழுத்தை முன்னோக்கி வளைக்க முடிகிறதா, கண்மணிகள் ஒரே அளவில் இருக்கின்றனவா, கை கால் பலம் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகு தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். புதிய ரத்தம் அதில் வெண்மையாகத் தெரியும். வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் நவீன கருவியில் எடுத்து அனுபவமுள்ளவர் பார்த்தால், மூளையுறைக்கு அடியிலான கசிவு தப்புவது மிக அரிது. நேரம் போகப் போக அந்த ரத்தம் கரைந்து, ஸ்கேனில் மங்கிக்கொண்டே வரும். இரண்டு நாள் கழித்து எடுத்த ஸ்கேன் நார்மல் என்றால் அதற்கு அதே மதிப்பு கிடையாது.

தாமதமாக வந்தவருக்கு முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் எடுப்பது இதற்காகத்தான். கசிந்த ரத்தம் சிதைந்து அந்த நீரை மஞ்சளாக்கியிருக்கும். அந்த நிறம் முழுமையாகத் தெரிய 12 மணி நேரம்கூட ஆகலாம். கீழ்முதுகில், தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே போடுகிற ஊசி என்பதால், இதனால் கால் செயலிழந்துவிடும் என்ற பயத்தில் மறுக்க வேண்டியதில்லை.

சாதாரண சிடி ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிரையில் ரத்தம் உறைவது, கழுத்துத் தமனிக் கிழிவு, ரத்தக்குழாய்ச் சுருக்கம் ஆகியவற்றைக் காண ரத்தக்குழாய்களுக்கென்று தனி ஸ்கேன் வேண்டும். நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சிக்கு ரத்தப் பரிசோதனை, மூளையுறை அழற்சிக்குத் தண்டுவட நீர். பிரசவம் முடிந்து எத்தனை நாள் ஆனது, கழுத்தில் எப்போது வலித்தது, தாடை எப்போது வலிக்கிறது என்று நீங்கள் சொல்கிற விவரம்தான் எந்தப் பரிசோதனை செய்வது என்பதைத் தீர்மானிக்கிறது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு இடித் தலைவலி மறுபடி வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மேலே சொன்ன அறிகுறி ஒன்று புதிதாகச் சேர்ந்தாலோ, முந்தைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அதே நாளில் திரும்பிப் போங்கள்.